மூலிகைக்குச் செய்யும் மரியாதை

சீனாவின் 26 மருத்துவமனைகளில் 2021 நவம்பருக்கும் 2023 டிசம்பருக்கும் இடையில் நடந்த ஒரு பரிசோதனையை, மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வாழும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்துக் கசிந்து, 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஆஸ்பத்திரிச் சிகிச்சை உண்டு. அதற்கு மேலதிகமாக ஓர் அணிக்கு, சீன மரபு வைத்தியர்கள் கசிவு நோய்க்குப் பயன்படுத்திவந்த ‘ஜொங்ஃபெங் சிங்நாவ்’ என்ற மூலிகைக் கசாயத்தைக் கொடுத்தார்கள். மற்ற அணிக்கு, அதைப் போலவே தோன்றும் மருந்தற்ற திரவத்தைக் கொடுத்தார்கள். யாருக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. 28 நாட்கள் மருந்து; 90ஆம் நாளில் கணக்கு. உயிரோடிருக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா, தன் வேலையைத் தானே பார்க்கிறாரா என்பதை, பூரண நலத்துக்கு 1, மரணத்துக்கு 0 என்ற அளவுகோலில் அளந்தார்கள். ஏறத்தாழ 1,640 பேரின் கணக்கைக் கூட்டியபோது, கசாயம் குடித்த அணிக்கு 0.44 வந்தது. வெறும் திரவம் குடித்த அணிக்கும் 0.44 தான் வந்தது. 2024இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அந்த முடிவை வெளியிட்டது: மருந்தால் பெருந்தீங்கு இல்லை, பயனும் இல்லை.

இந்தப் பரிசோதனையை நடத்தியவர்கள் மூலிகை மருத்துவத்தின் எதிரிகள் அல்லர். குவாங்டோங் மாகாணத்தின் சீன மருத்துவ மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே அதற்கு முன்னின்றார்கள்; அவுஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோர்ஜ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் துணை நின்றார்கள். தம் மரபின் மருந்து பலிக்கும் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் தொடங்கினார்கள். பலிக்கவில்லை என்று தெரிந்தபோது முடிவை மறைக்காமல் உலகின் முன் வைத்தார்கள். அந்த மரபுக்கு இதனால் இழிவு நேர்ந்ததாக நான் கருதவில்லை. தன் மருந்தைத் தானே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையை ஏற்றுக்கொள்ளும் மரபே உயிருள்ள மரபு. கிழக்கிலங்கையின் தமிழ் மருத்துவமும், நம் பரியாரிமாரின் கைமுறைகளும் அந்த வழியில் நடக்க வேண்டும். நடக்கும்வரை, மூளைக் கசிவின் முதல் மணி நேரங்களில் எந்தக் கசாயத்துக்கும் எந்த எண்ணெய்க்கும் இடம் கொடுக்கக் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பாரிசவாதம் என்று நாம் சொல்லும் நோய் உண்மையில் இரண்டு நோய்கள். ஒன்றில் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுகிறது. மற்றதில் குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள் கொட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வாய் கோணும், ஒரு பக்கக் கையும் காலும் விழும், பேச்சுக் குழறும். இரண்டாவது வகை எண்ணிக்கையில் குறைவு, கொடுமையில் அதிகம். கசிவு ஏற்பட்டவர்களில் பத்துக்கு நால்வர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது உலகெங்கும் நடந்த ஆய்வுகளின் சராசரி. இந்தக் கசிவுக்குப் பெருங்காரணம் உயர் இரத்த அழுத்தம். இலங்கையில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிரஷர் இருக்கிறது. அவர்களுள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்த குழம்பும் அன்றாட உணவாகிவிட்ட நம் பகுதியில், இந்த நோய் ஏதோ தூரத்து ஆபத்து என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கசிவுக்குப் பிறகு மூளையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், மூலிகை மீது ஆய்வாளர்களுக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை பிறந்தது என்பது விளங்கும். கொட்டிய இரத்தம் கட்டியாகி அண்டையிலுள்ள நரம்புக் கலங்களை நசுக்குவது முதல் அடி. அதன் பின் நாட்கணக்கில் நீளும் இரண்டாவது அடி ஒன்று இருக்கிறது. உறைதலுக்கு உதவும் திரொம்பின் கலங்களை எரிச்சலூட்டுகிறது, சிவப்பணுக்கள் சிதைந்து அவற்றிலுள்ள இரும்பு வெளியேறி, நரம்புக் கலங்களின் கொழுப்புச் சவ்வுகளை அரிக்கிறது, மூளையின் காவற் கலங்கள் கிளர்ந்து அழற்சியை மூட்டுகின்றன, வீக்கம் ஏறுகிறது. முதல் அடியை யாராலும் தடுக்க முடியாவிட்டாலும், இரண்டாவது அடியைத் தணிக்க முடிந்தால் எத்தனையோ கலங்களைக் காப்பாற்றலாம். மூலிகைகளிலுள்ள பல சேர்மங்கள் ஆய்வுகூடத்தில் அழற்சியைத் தணிக்கின்றன, இரும்பின் அரிப்பைக் குறைக்கின்றன, எலியின் மூளையில் வீக்கத்தை வற்றச் செய்கின்றன. நம் வயல் வரம்புகளில் படரும் வல்லாரையின் ஆசியாட்டிக் அமிலமும் விலங்கு ஆய்வுகளில் மூளைக் கலங்களைக் காத்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை இருந்தது.

ஆனால் எலி வேறு, அறுபது வயதுப் பிரஷர்காரர் வேறு. ஆய்வுகூட எலி இளையது, நோயற்றது. கசிவு எந்த நிமிடத்தில் எந்த இடத்தில் ஏற்பட்டது என்பது ஆய்வாளருக்குத் துல்லியமாகத் தெரியும். மருந்தும் உடனே கிடைத்துவிடும், சில ஆய்வுகளில் கசிவுக்கு முன்னமே கொடுக்கப்பட்டுவிடும். மனிதருக்கோ ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் குழாய்கள் தடித்திருக்கும், சீனி வருத்தம் இருக்கும், மருந்து வந்து சேர மணிக்கணக்கு ஆகும். இந்த இடைவெளியில் விழுந்தது மூலிகை மட்டுமல்ல. கசிவில் வெளிப்படும் இரும்பைப் பிடித்துக் கட்டும் டெஃபரொக்ஸமின் என்ற நவீன மருந்தை 294 நோயாளிகளிடம் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, 90ஆம் நாளில் எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. அடைப்புவகைப் பாரிசவாதத்துக்குப் பெரும் நம்பிக்கையோடு கொண்டுவரப்பட்ட ‘என்எக்ஸ்வை-059’ என்ற மருந்தும் 2007இல் வெளியான பெரிய பரிசோதனையில் தோற்றது. ஆகவே, ‘மேல்நாட்டு மருந்தென்றால் ஏற்பீர்கள், நம் மூலிகை என்றால் மட்டும் சந்தேகப்படுவீர்களா’ என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. சந்தேகம் எல்லாவற்றுக்கும் பொது. கம்பனி மருந்துகளை விழுத்திய அதே அளவுகோல்தான் கசாயத்தையும் விழுத்தியது.

அந்த அளவுகோலில் மூலிகை வென்ற வரலாறும் உண்டு. பழைய சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பிலிருந்து, மூலிகையைக் கொதிக்க வைக்காமல் குறைந்த வெப்பத்தில் சாரம் எடுக்க வேண்டும் என்ற துப்பைப் பிடித்த து யூயூ, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைக் கண்டெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் உபகண்டத்தின் சர்ப்பகந்தாவின் கதை இன்னும் நெருக்கமானது. அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை நோயாளிகளிடம் சோதித்து, 1949இல் பிரித்தானிய இருதயவியல் இதழில் எழுதினார் இந்திய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். அதிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், உலகெங்கும் பயன்பட்ட முதற்கட்ட பிரஷர் மருந்துகளுள் ஒன்றாயிற்று. மூளைக் கசிவின் பெருங்காரணம் பிரஷர் என்றால், அதைத் தடுப்பதில் நம் மரபு மூலிகையொன்றுக்கு அழியாத பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை அதற்குப் பெற்றுக்கொடுத்தது புகழுரை அல்ல, அளந்து பார்த்த ஒரு மருத்துவரின் பொறுமை.

பாரிசவாதத்திலேயே மூலிகைச் சாரம் பயன் காட்டிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. சான்சி எனப்படும் ஜின்செங் இனக் கிழங்கிலிருந்து எடுத்த ‘சூசைதொங்’ கப்சூலை, அடைப்புவகை நோயாளிகள் ஏறத்தாழ 3,000 பேரிடம் சீனாவில் சோதித்தார்கள். மூன்று மாதங்களில் சொந்தக் காலில் நிற்கும் நிலைக்கு வந்தவர்கள் மருந்து அணியில் 89.3 வீதம், மற்ற அணியில் 82.4 வீதம் என்று 2023இல் ‘ஜாமா நெட்வேர்க் ஓப்பன்’ இதழில் முடிவு வந்தது. இதைக் கேட்டதும் கசிவு நோயாளிக்கும் அதைக் கொடுக்கலாமே என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. அடைப்புக்கு உதவும் மருந்து பெரும்பாலும் இரத்தத்தை இளக்கும் இயல்புடையது. வெடித்த குழாயின் முன் அந்த இயல்பே நஞ்சாகலாம். ஒரே சிகிச்சை இரு நோய்களிலும் எதிரெதிராக வேலை செய்யும் என்பதற்கு 2024இல் சீனாவிலிருந்து வெளியான இன்னொரு பெரிய ஆய்வு சாட்சி. 2,404 பேருக்கு, ஸ்கான் எடுக்கும் முன் அம்புலன்ஸிலேயே பிரஷரைக் குறைத்துப் பார்த்தார்கள். கசிவு நோயாளிகளுக்கு நன்மை விளைந்தது. அடைப்பு நோயாளிகளுக்குத் தீமை விளைந்தது. இரண்டும் சேர்ந்து மொத்தக் கணக்கு பூச்சியமாயிற்று. நன்கறியப்பட்ட நவீன மருந்துக்கே இந்த நிலை என்றால், நாடி பிடித்து மட்டும் இரு நோய்களையும் பிரித்தறிந்து மருந்து கொடுக்கலாம் என்று எவர் துணிவது?

இலங்கைக்கும் சீன மூலிகைக்கும் இந்த விடயத்தில் நேரடித் தொடர்பு ஏற்கெனவே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மூலிகைகளும் சில விலங்குப் பொருட்களும் சேர்ந்த ‘நியூரோஎயிட்’ என்ற சீன மருந்தை அடைப்புவகைப் பாரிசவாதத்தில் சோதித்த பன்னாட்டு ஆய்வில், சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, ஹொங்கொங் ஆகியவற்றோடு இலங்கையும் பங்குபற்றியது. ஏறத்தாழ 1,100 நோயாளிகள் சேர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: மூன்றாம் மாத முடிவில் இரு அணிகளுக்கும் இடையில் உறுதியான வேறுபாடு இல்லை. பின்னர் நீண்டகாலம் தொடர்ந்து பார்த்தபோது சில நன்மைகள் தென்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் முதலில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, உறுதியான வேறுபாடு இல்லை என்பதே. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மரபு மருந்தைச் சர்வதேசத் தரத்தில் சோதிக்கும் அறிவும் அமைப்பும் நம் நாட்டில் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. இலங்கை மருத்துவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். செய்யப்படாமல் இருப்பது நம் சொந்த மருந்துகளுக்கான சோதனைதான்.

கசாயம் தோற்ற இடத்தில் எது வென்றது என்பதையும் பார்க்க வேண்டும். 10 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7,036 கசிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்விலும் இலங்கை இடம்பெற்றது. அதில் புதுமருந்து எதுவும் இல்லை. வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மேல் பிரஷரை 140க்குக் கீழே கொண்டுவருவது, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சலைத் தணிப்பது, வோபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துவருவோருக்கு அதன் வீரியத்தை முறிப்பது: இந்த நான்கையும் ஒருசேர, தாமதமின்றிச் செய்தார்கள். மோசமான முடிவுக்கான வாய்ப்பு 14 வீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. மூளைக் கசிவில் நரம்புக் கலங்களைக் காக்க இன்று கையிலுள்ள மருந்து இதுதான். அதன் விலை குறைவு. அதன் பெறுமதி முழுவதும் நேரத்தில் தங்கியிருக்கிறது. 103 நோயாளிகளை அடுத்தடுத்து ஸ்கான் செய்த 1997ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்றில், நால்வரில் ஒருவருக்கு முதல் ஸ்கானுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தக் கட்டி பெருத்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதுதான் அவர் மீண்டும் நடப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கு வழி சுருங்கியது. ஆனால் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்றும் படகுப் பாதையில்தான் வாவியைக் கடக்கிறார்கள். உட்கிராமங்களிலிருந்து ஸ்கான் வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வது எளிதல்ல என்பதை யாரும் மறுக்க முடியாது. இங்கேதான் மிக நேர்மையான எதிர்வாதம் எழுகிறது: ஆஸ்பத்திரி தூரத்தில், பரியாரி பக்கத்தில், 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரியிலேயே மருந்து தட்டுப்பட்டதே, கிடைப்பதைத்தானே மக்கள் நாடுவார்கள்? மக்கள் மீது இதில் குற்றம் இல்லை. யுத்த காலத்தில் வாவிக்கு அப்பால் வைத்தியர் வராத ஆண்டுகளில் ஊரைத் தாங்கியவர்களுள் பரியாரிமாரும் அடங்குவர். அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் தூரம் ஒரு காரணமென்றால், அதற்கு விடை தூரத்தைக் குறைப்பதுதான். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. படகுத்துறைகளோடு அந்தச் சேவையை இணைப்பதும், இரவில் நோயாளியைக் கடத்துவதற்குத் துறையில் ஏற்பாடு வைப்பதும், பிரதேச வைத்தியசாலைகளில் முதல் மணி நேரத்திலேயே பிரஷரைக் குறைக்கப் பயிற்சி கொடுப்பதும் செய்யக்கூடியவை. நாம் கேட்க வேண்டியவை இவையே.

‘எண்ணெய் தடவுவதாலும் கொஞ்சம் கசாயம் கொடுப்பதாலும் என்ன கெட்டுவிடும்’ என்று கேட்பவர்களும் உண்டு. கெடுவது மூன்று. முதலாவது, நேரம், அதைப் பற்றிச் சொல்லியாயிற்று. இரண்டாவது, விழுங்குதல். பாரிசவாதம் வந்தவர்களில் பாதிப்பேர் அளவில் முதல் நாட்களில் சரியாக விழுங்க முடியாமல் தவிக்கிறார்கள். அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊற்றப்படும் கசாயம், அல்லது அன்போடு ஊட்டப்படும் ஒரு கரண்டி தண்ணீர்கூட, சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியாவைக் கொண்டுவரலாம். சீனப் பரிசோதனையில் விழுங்க முடியாதவர்களுக்கு மூக்குவழிக் குழாயால் மருந்து செலுத்தியதன் காரணம் அதுவே. மூன்றாவது, ஆஸ்பத்திரி கொடுத்த பிரஷர் குளிசையை ‘இனித் தேவையில்லை’ என்று நிறுத்திவிடுவது. ஒருமுறை கசிந்தவருக்கு மறுமுறை கசியாமல் காப்பதில் அந்தக் குளிசைக்கு ஈடு வேறில்லை. தீங்கற்றது என்று நாம் நினைக்கும் வைத்தியம், தீங்கு தடுக்கும் வைத்தியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதுவே தீங்கு.

சித்த மருத்துவம் அறிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிட ஆழமானது. எங்கள் வைத்தியம் நோயை மட்டும் பார்ப்பதில்லை, நோயாளியின் வாத பித்த கப நிலையைப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து வகுக்கிறது. எல்லோருக்கும் ஒரே போத்தலைக் கொடுத்துச் சோதித்தால் அது எங்கள் வைத்தியத்தின் சோதனையாகாது என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கேற்ற சோதனை முறையும் இருக்கிறது. மருந்தை அல்ல, வைத்தியரின் பராமரிப்பையே சோதனைப் பொருளாக்கலாம். ஓர் அணிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்ற அணிக்கு அதனோடு சித்த வைத்தியர் ஆளுக்கேற்ப வகுக்கும் சிகிச்சையும். வைத்தியர் எந்த மருந்தையும் தெரிவுசெய்யட்டும். ஆறு மாதத்தின் பின் நோயாளி நடக்கிறாரா, தானே உண்கிறாரா, தானே உடுத்துகிறாரா என்பதை, அவர் எந்த அணி என்று அறியாத ஒருவர் வந்து அளக்கட்டும். ஆளுக்கு ஆள் மருந்து மாறலாம். நடப்பதும் நடக்காததும் எல்லோருக்கும் ஒன்றே. நூற்றாண்டுகளின் அனுபவம் போதாதா என்றால், போதாது என்பதே வரலாறு காட்டும் உண்மை. கசிவு நோயாளிகளில் ஒரு பகுதியினர் எந்த மருந்தும் இல்லாமலே மெல்லத் தேறுகிறார்கள். தேறியவர் வைத்தியரிடம் நன்றி சொல்ல வருகிறார், தேறாதவர் வருவதில்லை. எவ்வளவு நேர்மையான வைத்தியரும் இந்தக் கணக்கில் ஏமாறக்கூடும்.

சோதனையின்றிப் பாராட்டப்பட்ட மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 டிசம்பரில் நாடே பார்த்தது. கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சில், தொற்றுக் காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்துத் திரண்டார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் அவருக்குத் தொற்று உறுதியானது. அந்த நிகழ்வால் நாட்டு வைத்தியம் முழுவதுமே பழிக்கு ஆளானது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி, தேசிய வைத்திய முறைகளையும் தன் குடைக்குள் ஏற்று மதிப்பளித்த நாடு இது. அந்த மதிப்பைக் காக்கும் பொறுப்பு, அம்முறைகளை எதிர்ப்பவர்களைவிட அவற்றை நேசிப்பவர்களுக்கே அதிகம்.

அப்படியானால் கிழக்கில் எங்கிருந்து தொடங்குவது? கசிவின் முதல் நாட்களிலிருந்து அல்ல. அந்தக் களத்தில் சீனர்கள் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டுப் பெற்ற பாடம் நமக்கும் சேர்த்துத்தான். தொடங்க வேண்டியது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பின்னான மாதங்களிலிருந்து. இறுகிப்போன கை கால், தோள் வலி, தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வு: இவற்றோடு நோயாளியும், அவரைத் தூக்கி இறக்கும் மனைவியும் மகளும் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் உட்கிராமங்களுக்குப் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. பரியாரியின் எண்ணெய்ப் பிடிப்பும் ஒத்தடமும் இங்கே உண்மையாகவே உதவக்கூடும். தினமும் ஒருவர் வந்து அந்தக் கையை அசைத்துக் கொடுப்பதே ஒரு பயன். வல்லாரையைப் பற்றியும் இங்கே கேட்கலாம். இந்தோனேசியாவில் பாரிசவாதத்தின் பின் நினைவு குன்றிய 48 பேரிடம் நடந்த சிறு ஆய்வொன்றில், வல்லாரைச் சாரம் நினைவு மீட்டலின் ஓர் அம்சத்தில் மட்டும் முன்னேற்றம் காட்டியது. முடிவு கட்ட அது போதாது; கேள்வியைத் தொடர அது போதும். வல்லாரைச் சம்பலை உணவாகத் தின்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. அது மூளையைக் காக்கும் மருந்து என்று சொல்வதற்குத்தான் ஆய்வு வேண்டும்.

இந்த வேலைக்குக் கிழக்கு மிக வாய்ப்பான இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பயில்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே மக்கள்; இரண்டு மருத்துவங்களும் ஒரே நோயாளியை, ஒன்றுக்கொன்று தெரியாமல், முன்னும் பின்னும் பார்க்கின்றன. முதற்படியாக, பாரிசவாத நோயாளிகளின் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம்: யார், எத்தனை மணி நேரத்தில் வந்தார், இடையில் எங்கே போனார், என்ன மருந்து எடுத்தார், ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறார். இதற்குக் கம்பனிப் பணம் வேண்டியதில்லை. இரண்டாம் படியாக, மேலே சொன்னது போன்ற குலுக்கல் முறைச் சோதனையை, 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிந்து, முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்ற உறுதியோடு நடத்தலாம். பணம் இல்லை என்ற பேச்சுக்கு இந்நாட்டிலேயே மறுமொழி உண்டு. பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகியவற்றோடு இலங்கையின் கிராமங்களிலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று பிரஷர் அளந்து ஆலோசனை சொன்னதை மையமாகக் கொண்ட எளிய ஏற்பாட்டாலேயே, மேல் பிரஷர் மற்றக் கிராமங்களைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. எளிய வேலையையும் ஒழுங்காக அளந்தால் உலகம் ஏற்கும் சான்றாகும்.

பரியாரிமாரை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிறுத்தினால் அது தோற்கும். ஊரில் வாய் கோணியவரை முதலில் பார்ப்பவர் பல வேளைகளில் அவரே. ‘இதில் நான் கை வைக்கக் கூடாது, உடனே 1990க்கு அழையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்’ என்று அவர் சொன்னால், எந்தச் சுவரொட்டியும் சொல்வதைவிட ஊர் அதைக் கேட்கும். அவர் கையில் ஒரு பிரஷர் மானியைக் கொடுத்து, அளக்கக் கற்றுக்கொடுத்து, 140க்கு மேற்பட்டவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியும் நோயாளி வீடு திரும்பும்போது அவரை மதித்து விவரம் சொல்லியனுப்ப வேண்டும். எந்தக் குளிசையை நிறுத்தக் கூடாது, எந்த மூலிகை அதோடு சேரக் கூடாது என்பதைத் திட்டாமல் பேச வேண்டும். திட்டு வாங்கிய நோயாளி மூலிகையை விடுவதில்லை, மறைத்துக் குடிக்கிறார்.

சீனாவின் அந்த 1,640 பேரும் தம் உடலைத் தந்து ஒரு கேள்விக்கு விடை பெற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த விடை நமக்குச் சொல்வது இரண்டு. மூளையில் இரத்தம் கசியும்போது கசாயத்துக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். மூலிகையை நேசிப்பவர்கள் அதைச் சோதனைக்குத் தர அஞ்சக் கூடாது. முதலாவதை ஒவ்வொரு வீடும் இன்றே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவதற்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இரு மருத்துவத் துறைகளும், மாகாண சுதேச மருத்துவத் திணைக்களமும், போதனா வைத்தியசாலையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வெல்லும் மருந்து எதுவோ அது கிழக்கின் பெயரால் உலகுக்குப் போகட்டும். தோற்கும் மருந்து எதுவோ அதை நம் முதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்துவோம். இரண்டும் நோயாளிக்கு நன்மையே.